கரும்புத் தோகை பட்ட கண்

என் வலது கண்ணில் பட்டது கரும்புத் தோகை. இந்த ஒரு வரியை முதல் நாளே டாக்டரிடம் சொல்லியிருந்தால் இன்றைக்கும் கடலூர் - சிதம்பரம் பஸ்ஸை நான்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன். சொல்லவில்லை. மூன்று பேர் கேட்டார்கள். மூன்று பேரிடமும் மண் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னோம். அந்தப் பொய் என்னை என்ன பாடு படுத்தியது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்களில் ஒருத்தருக்காவது உதவினால் சரி. உதவாவிட்டாலும் என் ஆத்திரமாவது தீரும்.

பதினாறு வருஷம் தனியார் பஸ் ஓட்டியவன் நான். பின்னால் வருகிற வண்டிக்கும் எனக்கும் நாலு நிமிஷம்தான் இடைவெளி. அந்த நாலு நிமிஷத்துக்காக ஆலப்பாக்கத்தில் ஒருத்தன் சட்டையைப் பிடித்திருக்கிறேன், புதுச்சத்திரத்தில் ஒருத்தன் கண்ணாடியை உடைத்திருக்கிறேன். வாய் பேசுவதற்கு முன்னால் கை பேசிவிடும். என் மனைவி தனம் சொல்வாள், "உங்களுக்கு கோவம் வர்றது இல்லீங்க, கோவத்துக்குத்தான் நீங்க அப்பப்ப வர்றீங்க" என்று.

தனத்துக்கு நெல்லிக்குப்பம் பக்கம். அவள் அப்பா போனபிறகு அவர் விட்டுப்போன கரும்புக் கொல்லையில் பாதி அவளுக்கு, பாதி அவள் தம்பி வேலுவுக்கு. நான் பஸ்ஸில் கிடப்பதால் ரெண்டு பாதியையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். கரும்பை நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வர வேண்டும். உத்தரவு வந்தும் வெட்டாமல் போட்டால் காய்ந்து எடை இறங்கிவிடும். அந்த வருஷம் உத்தரவு வந்தது, வெட்டு ஆட்களும் வந்தார்கள். எங்களைக் கேட்காமல் வேலு அவன் பாதியில் முதலில் ஆளை இறக்கிவிட்டான். எனக்கு அன்றைக்கு லீவு. போன் வந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

"என்னாடா, உன் கரும்புதான் கரும்பா? உங்கக்கா கரும்பு என்னா, நாணலா?"

"மாமா, ஆளுங்க இருக்காங்க. வாயை அடக்கிப் பேசுங்க. நாளைக்கு அக்கா பாதியில எறக்குறேன்."

"கேக்க நாதியில்லன்னு நெனச்சிக்கினியா?"

"வருஷம் பூரா தண்ணி கட்டுனவன் நான். பஸ்ஸு ஓட்றவருக்கு கொல்லையில என்னா வேலை?"

அறைந்தேன். அவன் தள்ளினான். கழித்துப்போட்ட காய்ந்த தோகை மேல் மல்லாக்க விழுந்தேன். ஆட்கள் முன்னால் விழுந்தது எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் வெட்டு ஆள் ஒருத்தரின் அருவாள் கிடந்தது. எடுத்தேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் எடுத்தது நான்தான். வீசினேன். வேலுவின் வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே இறங்கியது. ரத்தத்தைப் பார்த்தும் எனக்கு நிற்கவில்லை. இரண்டாவது முறை ஓங்கினேன். அவன் கீழே கிடந்த ஒரு முழுக் கரும்பை, நுனியில் இருக்கிற கொழுந்தாடைகூட கழிக்காத கரும்பை, இடது கையால் எடுத்து என் முகத்தில் அடித்தான். அடி கன்னத்தில்தான் விழுந்தது. தோகை கண்ணுக்குள் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. கரும்புத் தோகையின் ஓரம் ரம்பம்தான், அதில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரெண்டு நாள் வீட்டிலேயே கிடந்தேன். கண் சிவந்தது, தண்ணீராக ஊற்றியது. வேலுவின் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, புரை ஆபரேஷன் செய்தபோது மிச்சமான சொட்டு மருந்து பிரிட்ஜில் இருந்தது. "கண்ணு மருந்துதானே" என்று தனம் அதை ஊற்றினாள். ஊற்றினதும் சிவப்பு குறைந்தது, ஆஹா என்றிருந்தது. அது ஸ்டீராய்டு மருந்து என்றும், எரிச்சலை அடக்குவதோடு கண்ணின் எதிர்ப்பையும் அடக்கிவிடும் என்றும், உள்ளே புகுந்த கிருமிக்கு அது விருந்து வைத்த மாதிரி என்றும் பிறகு சொன்னார்கள். ஆகவே அடுத்தவர் கண்ணுக்குக் கொடுத்த மருந்தை உங்கள் கண்ணில் ஊற்றாதீர்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

மூன்றாம் நாள் வலி ஆரம்பித்தது. அதை வலி என்று சொல்வதே தப்பு. கண்ணுக்குள் ஒருத்தன் உட்கார்ந்து ஆணி அடிக்கிறான். ஒவ்வொரு முறை இமை மூடும்போதும் ஒரு அடி. சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். கடலூரில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போது தனம் என் தோளைப் பிடித்துக்கொண்டு காதருகில் சொன்னாள்:

"சண்டைன்னு சொன்னீங்கன்னா போலீஸ் என்ட்ரி போட்ருவாங்க. அவங்க வந்தா அருவா வெளிய வரும். வேலுவுக்கு தையல் போட்ட எடத்துல வெட்டும்போது நழுவிடுச்சுன்னு சொல்லியிருக்கோம். உங்க லைசென்சு, அவன் வாழ்க்கை, ரெண்டும் பூடும். என் தாலியும் என் பொறந்த வீடும் ஒரே நாள்ல போவணுமா?"

"அப்ப என்னாதான் சொல்றது?"

"மண்ணுன்னு சொல்லுங்க. டிரைவரு கண்ணுல மண்ணு விழுறது அதிசயமா?"

சீட்டு எழுதுகிறவர் கேட்டபோது தனம் சொன்னாள். டாக்டர் கேட்டபோது நான் சொன்னேன். அவர் இன்னொன்றும் கேட்டார்: "செடி, இலை, நெல்லு, வைக்கோல் இந்த மாதிரி எதாச்சும் பட்டுச்சா?" எதற்கு இவ்வளவு குடைகிறார், மோப்பம் பிடிக்கிறாரோ என்று நினைத்தேன். "இல்ல சார், மண்ணுதான்" என்றேன். காயம் காயம்தானே, மண் பட்டால் என்ன, மயிர் பட்டால் என்ன என்பது அப்போது என் அறிவு.

அந்த அறிவு எவ்வளவு மட்டம் என்று இப்போது சொல்கிறேன். கண்ணின் கறுப்பு வட்டத்துக்கு மேலே கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கிறது, கருவிழி என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். வெளிச்சம் முதலில் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அது கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதால் அதற்குள் ரத்தக் குழாயே கிடையாது. ரத்தம் ஓடாத இடத்தில் புண் வந்தால் சீக்கிரம் ஆறாது. ஆனால் நரம்பு மட்டும் நெருக்கி வைத்திருக்கிறது, உடம்பில் வேறெங்கும் அவ்வளவு நெருக்கம் இல்லையாம். ஒரு தூசு விழுந்தால் பாறாங்கல்லாக உறுத்துவது அதனால்தான். இந்த மூடியில் மண்ணோ இரும்போ பட்டால் பெரும்பாலும் ஒரு வகைக் கிருமி, அதற்கு ஒரு மருந்து. இலை தழை பட்டால் பூஞ்சை வரலாம். ஊறுகாய் மேல் பூக்கிற பூஞ்சையின் பங்காளிதான். அதற்கு மருந்தே வேறு. ஒன்றின் மருந்து இன்னொன்றைத் தொடக்கூடத் தொடாது.

நான் மண் என்றேன். அவர் மண்ணுக்கு மருந்து கொடுத்தார். அஞ்சு நாள் ஊற்றினோம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் கறுப்பு வட்டத்தில் சோற்றுப் பருக்கை அளவுக்கு ஒரு வெள்ளை. மறுநாள் அது உளுந்து அளவு. கண்ணாடியைக் கையால் குத்தி உடைத்தேன். தனம் என் கைக்குத் துணி சுற்றிக்கொண்டே அழுதாள். கடலூர் டாக்டர் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

போனது என் பஸ்ஸில்தான். என் சீட்டில் வேறொருத்தன். எங்கே பிரேக் பிடிப்பான், எங்கே குழி என்று எனக்கு முன்னாலேயே தெரியும், ஒவ்வொரு குழிக்கும் முன்கூட்டியே பல்லைக் கடித்துக்கொண்டேன். வலது கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தேன். ஆனாலும் வெயில் இடது கண்ணில் படும்போதெல்லாம் வலது கண் வெட்டி இழுத்தது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். பைத்தியம் இல்லை. வெளிச்சம் ஒரு கண்ணில் பட்டாலும் ரெண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்துதான் சுருங்குமாம். ஒரே நுகத்தடியில் பூட்டின மாடு மாதிரி. ஒன்றை அடித்தால் இன்னொன்றும் துள்ளும். முட்லூர் தாண்டுவதற்குள் ரெண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு தனத்தின் மடியில் தலையைக் கவிழ்த்துவிட்டேன். கண்டக்டர் நடராஜன் என் நண்பன், டிக்கெட் கிழிக்கவே மறந்து பக்கத்தில் நின்றான்.

சிதம்பரத்தில் பார்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன உருவம், கணீரென்ற குரல். தாடையை வைத்து நெற்றியை முட்டி உட்காரும் மிஷினில் என் கண்ணைப் பார்த்துவிட்டு அவரும் அதையே கேட்டார். "இலை, பயிர், குச்சி?" "மண்ணும்மா" என்றேன். மூன்றாவது முறை.

"சரி, சுரண்டிப் பாப்போம்."

புண்ணிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மரத்துப்போக மருந்து ஊற்றினார்கள், வலி இல்லை. ஆனால் கத்தி வருவது தெரியும். அருவாளை வீசினவனுக்கு நகக்கண் அளவுக் கத்தியைப் பார்த்து மூத்திரம் முட்டியது. எடுத்ததில் ஒன்றும் தெரியவில்லை என்று ரிசல்ட் வந்தது. சில சமயம் அப்படி ஆகுமாம், பூஞ்சை ஆழத்தில் ஒளிந்திருந்தால் மேலே சுரண்டியதில் சிக்காது. ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை, நோயாளி மண் என்கிறான். டாக்டரம்மா அதே வழியில் இன்னும் வீரியமான மருந்துக்குப் போனார்.

வார்டில் என்னை எல்லோரும் வெறுத்தார்கள். நியாயம்தான். சிஸ்டர் விளக்கைப் போட்டால் கத்துவேன். பக்கத்துக் கட்டிலில் போன் பேசினால் கத்துவேன். தனம் சோறு ஊட்ட வந்தால் தட்டைத் தட்டிவிட்டேன், ஒரு நாளில்லை, ரெண்டு நாள். அவள் தரையில் சிந்தின ரசஞ்சோற்றை வழித்துவிட்டு மறுபடி பிசைந்தாள். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அடிபட்ட பதினோராம் நாள் காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா தனத்திடம், "இப்படியே போனா கருவிழி ஓட்டை விழுந்துரும்மா. அப்புறம் கண்ணை எடுக்கற மாதிரி ஆயிடும்" என்றார். தனம் வெளியே போனாள். தம்பிக்குப் போன் போடத்தான் போனாள் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் கட்டிலருகே, "மாமா" என்று குரல் கேட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவன் என்னைத் தாண்டி நடக்கிற சத்தம். பக்கத்துக் கட்டிலில் நின்றிருந்த டாக்டரம்மாவிடம் நேராகப் போய்விட்டான்.

"அம்மா, மண்ணு இல்லம்மா. கரும்புத் தோகை. நான்தான் அடிச்சேன்."

வேலு மூச்சு விடாமல் மேலே சொன்னான்.

"எங்க ஊர்ல வெட்டு ஆளு ஒருத்தருக்கு இப்படித்தாம்மா, தோகை கீறி, வெள்ளையா ஆரம்பிச்சு, கண்ணே பூடுச்சு. மாமா கண்ணுல வெள்ளைன்னு அக்கா இன்னைக்குத்தான் சொல்லிச்சு. கேட்டதும் எனக்கு குலை நடுங்கிப் போச்சும்மா."

கையில் அகப்பட்ட சில்வர் டம்ளரைக் குரல் வந்த திக்கில் வீசினேன். சுவரில் பட்டு உருண்டது. "எவன்டா உன்ன இங்க கூப்டது? போலீஸ் வரும், தெரியுமா?"

"வரட்டும் மாமா."

எனக்குத்தான்டா வரும் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

டாக்டரம்மா என் பக்கம் வந்தார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "நான் கேட்டேன் இல்ல? இலை பட்டுச்சான்னு வாய்விட்டுக் கேட்டேன். நான் உங்க கண்ணுக்கா வைத்தியம் பாத்தேன்? உங்க பொய்க்குல்ல பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்." அப்புறம் சிஸ்டரிடம், "மறுபடி சுரண்டணும். இந்தத் தடவ ஆழமா" என்றார்.

சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. நூல் நூலாக, கிளை விட்டு, வேர் மாதிரி ஓடியிருந்ததாம். பூஞ்சை. பதினோரு நாள் என் கண்ணுக்குள் அது பயிர் செய்திருக்கிறது, நான் அதற்குக் காவல் இருந்திருக்கிறேன்.

மருந்து மாறியது. கரைத்த மோர் மாதிரி வெள்ளையாக ஒரு சொட்டு, மணிக்கு ஒரு தரம். அது போதாமல் கருவிழிக்குள்ளேயே ஊசி. மரத்துப்போன கண்ணுக்கு நேராக ஊசிமுனை பெரிதாகிக்கொண்டே வருவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் அம்மா அம்மா என்று அலறினேன்.

அடிதடி என்று தெரிந்தபிறகு ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், அது அவர்கள் சட்டம். மறுநாள் ஒரு ஏட்டு நோட்டோடு வந்தார்.

"யாருய்யா அடிச்சது?"

"நான்தான் சார்" என்றான் வேலு. "குடிச்சிருந்தேன்."

பீர் வாசனை பட்டாலே வாந்தி எடுக்கிறவன் அவன்.

"கையில என்னா கட்டு?"

"கரும்பு வெட்டும்போது அருவா நழுவிடுச்சு சார்."

"எத்தினி தையல்?"

"ஒம்போது சார். கட்டை வெரல்தான் மடங்க மாட்டுது. சரியாப் பூடும்."

கட்டை விரல் மடங்காது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கேட்டதே இல்லை. பதினோரு நாள் என் கண், என் வலி, என் லைசென்ஸ் என்றே கிடந்தேன். அவன் தண்ணி கட்டுகிற கை, மண்வெட்டி பிடிக்கிற கை. தனத்தின் கை என் தோளில் இருந்தது. அவள் நகம் சட்டைக்கு மேலேயே பதிந்தது. பேசாதே என்கிறாளா, பேசு என்கிறாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"சார், அதை எழுதாதீங்க" என்றேன். "அருவா நழுவல. நான் வெட்டுனேன். மொதல்ல அறைஞ்சது நான், அருவா எடுத்தது நான், ரெண்டாவது தடவ ஓங்குனதும் நான். அப்புறந்தான் அவன் அடிச்சான். அடிக்கலன்னா அன்னைக்கு அவன் தலை இருக்காது."

"மாமா, சும்மா இருங்க!"

"நீ சும்மா இருடா!"

ஏட்டு பேனாவை மூடினார். "கேஸ் குடுக்க வர்றவன பாத்திருக்கேன். எனக்குக் குடு, எனக்குக் குடுன்னு கேஸுக்கு அடிச்சிக்கிறவனுங்கள இப்பத்தான்யா பாக்கறேன்." பேனாவை மறுபடி திறந்து, இருவர் சொன்னதையும் எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். வேலு இடது கையால் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். பிறகு ஸ்டேஷனுக்கு அலைந்ததும், இனி ஒருத்தர் மேல் ஒருத்தர் கை வைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்ததும் தனிக் கதை.

கண் ஓட்டை விழவில்லை. எடுக்கவும் இல்லை. புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, தேய்ந்த கண்ணாடி மாதிரி. யாராவது தானம் கொடுத்த கருவிழி கிடைத்தால் மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா பதிந்து வைத்திருக்கிறார். அதுவரை ஒற்றைக் கண்தான். ரெண்டு கண்ணும் சற்றுத் தள்ளித் தள்ளி இருந்து பார்ப்பதை மூளை ஒட்டுப்போட்டுத்தான் தூரம் கணக்குப் பண்ணுகிறதாம். எனக்கு அந்தக் கணக்கு போய்விட்டது. டம்ளரில் ஊற்றுகிற டீ மேஜையில் ஊற்றும். எதிரே வருகிற லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்ல முடியாதவனிடம் அறுபது உயிரை யார் கொடுப்பார்கள்? பேட்ஜைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்று பஸ் ஸ்டாண்ட் கக்கூஸில் நின்று அழுதேன். இப்போது முதலாளி என்னை அதே ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டிருக்கிறார். நாலு நிமிஷத்துக்காக அடித்துக்கொள்கிற பயல்களை நடுவில் நின்று விலக்குவதுதான் என் வேலை. சிரிக்காதீர்கள்.

வலது கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சீட்டில் எழுத ஆஸ்பத்திரியில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எழுத்து கண்ணுக்குத் தெரியாதவனுக்கு விரலைக் காட்டி எத்தனை என்பார்கள். விரலும் தெரியாதவனுக்குக் கையை ஆட்டிக் காட்டுவார்கள். அது தெரிந்தால் "கை அசைவு தெரியும்" என்று எழுதுவார்கள். என் சீட்டில் அதுதான் இருக்கிறது. அந்தக் கண்ணால் எனக்குத் தெரிவது கை அசைவு ஒன்றுதான்.

கண் காயாமல் இருக்க இன்னும் சொட்டு மருந்து போட வேண்டும். நானே ஊற்றினால் தூரம் தெரியாமல் மூக்கில் விழும். தனம் தையல் வேலைக்குப் போகிற நாளில் வேலு வந்து போடுகிறான். வலது கட்டை விரல் மடங்காததால் பாட்டிலை இடது கையில் பிடித்துப் பிதுக்குவான். கரும்பை எடுத்த அதே கை. அந்தக் கையின் நிழல் மேலே வரும்போது, நான் நினைப்பதற்கு முன்பே இமை இறுக்கி மூடிக்கொள்கிறது. இத்தனை மாதத்தில் ஒரு நாளும் தவறியதில்லை.

"கண்ணத் தொறங்க மாமா. நான்தான்."

"நீதான்னு தெரிஞ்சுதான்டா மச்சான் மூடிக்குது. கொஞ்சம் பொறு."

அவன் கையை அப்படியே நிறுத்திக்கொண்டு நிற்பான். நான் என் விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் ஊற்றுவான்.